வோடன் என்றால் ஆவேசம்

டெக்சாஸில், ஃபிரிஸ்கோவிலிருந்து ஆஸ்டின் போகும் வழியில் பெட்ரோல் போட ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிற்கிறோம். தென்காசியிலிருந்து வந்திருக்கும் அக்கா என்னோடு பேசவில்லை. காலையில் கோவில் பஜனையில் அவளுக்குச் சாமி வந்தது. நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, பார்த்தவர்களிடம், "சுகர் லோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

கல்லாவில் நிற்கும் வெள்ளைக்காரர் முன்கையில் ஒற்றைக்கண் கிழவர் ஒருவரைப் பச்சை குத்தியிருக்கிறார். யார் என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"வோடன். இங்கிலாந்தில் எங்கள் முன்னோர் கும்பிட்ட பெரிய தெய்வம். வெட்னஸ்டே அவர் பெயரில் வந்ததுதான். ஆவேசம் என்று பொருள். ஆளுக்குள் இறங்கி ஆட்டிவைப்பாராம்" என்கிறார். அவர் குரலில் கூச்சமே இல்லை.

"என்னடா சொல்லுதாரு?" என்கிறாள் அக்கா. தமிழில் சொல்கிறேன்.

அவள் அந்தக் கையையே பார்க்கிறாள். "இவரு சாமியக் கையில வரைஞ்சு வச்சிருக்காரு. நீ என்னைய நோயாளின்னுட்ட."

முகம் சுடுகிறது. "தப்புதான்க்கா" என்கிறேன்.

அக்கா வெளியே போய், காரின் முன் சீட்டை விட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். ஆஸ்டினுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.