பின் முனையில் இரண்டு வெட்டு

புல்டோசரின் செயினில் கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற இரும்பு ஆணியும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழலும் ஒரு பக்கமாகத்தான் தேயும். தேய்ந்ததும் செயின் தொங்கும், ஓடும்போதே கழன்றுவிடும். புதுச் செயின் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரஸ்ஸில் வைத்து எல்லாவற்றையும் தள்ளி எடுத்து, தேயாத பக்கத்துக்கு இழுவை வரும்படி திருப்பி மறுபடி ஏற்றுவோம். ஒரு செயினுக்கு இதை ஒரு தடவைதான் செய்யலாம். அதனால் திருப்பியதும் பின்னின் வெளி முனையில் உளியால் வெட்டுப் போடுவது எங்கள் பட்டறை வழக்கம். அடுத்துத் திறப்பவருக்கு அது போதும். எனக்கு இடதுகைப் பழக்கம். என் வெட்டு சாய்ந்திருக்கும், இரண்டாகப் போடுவேன்.

கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பழைய டோசர் வாங்கியிருந்தார். வெகு காலம் இன்னொருவர் வண்டியை ஓட்டியவர், இது முதல் சொந்த வண்டி. மூன்று மாதத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது. பார்க்கப் போனேன். வண்டியை விற்றது அவர் மனைவியின் அண்ணன். அவரும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் திருப்பவே இல்லீங்க. மச்சான் சொல்லித்தானுங்க வாங்குனேன்," என்றார் வண்டிக்காரர். மச்சான் தலையாட்டினார்.

பின் முனைகளில் சேறும் கிரீஸும் காய்ந்து அப்பியிருந்தன. ஸ்குரூ டிரைவரால் சுரண்டியிருந்தால் வெட்டு இருக்கிறதா என்று தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுரண்டினால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். உள்ளேயிருந்து மோரும் வந்துவிட்டது. குடித்துவிட்டு, திருப்பினால் போதும், வெள்ளிக்கிழமை ஓடும் என்று சொல்லிவிட்டேன். என் முன்னாலேயே அவர் ஒரு தோப்புக்காரருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை மண் நிரவ வருவதாக ஒத்துக்கொண்டார். வாங்கியதிலிருந்து அவருக்குக் கிடைத்த பெரிய வேலை அதுதான். தவறினால் அடுத்த வண்டிக்குப் போய்விடும்.

மறுநாள் செயினை மட்டும் கழற்றிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். டீசல் ஊற்றிக் கழுவினேன். ஒவ்வொரு பின்னிலும் சாய்ந்த இரண்டு வெட்டு. யார் கொண்டுவந்தது, எந்த வருடம் என்று ஞாபகம் இல்லை. பட்டறைக்குச் செயின்தான் வரும், வண்டி வராது.

போன் செய்து சொல்ல வாய் வரவில்லை. வெட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒரு மணி நேரத்தில் அவரே பட்டறைக்கு வந்துவிட்டார். வெட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். பின்னை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு போட்டதுங்?"

"நானுங்க."

"அப்ப வாங்கறக்கு முன்னால உங்களத்தான் கேட்டிருக்கோணும்."

அன்றைக்கே சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்றேன்.

"மோரக் குடிச்சுப்போட்டு எப்படிங்க சுரண்டுவீங்க," என்றார். சிரிக்கவில்லை. மச்சானுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார். அவரும் பழையதாக வாங்கியவர்தானே, எனக்குத் தெரியாது என்றேன். பின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று கேட்டார்.

புஷ்ஷின் மேல் வெல்டிங் ஏற்றிக் கடைந்து, உள் ஓட்டையைச் சரிசெய்து, கொஞ்சம் தடித்த பின் போடலாம். செம்மண்ணில் ஒரு வருடம் ஓடும், பாறையில் தாங்காது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முடியாது. இதையெல்லாம் சொன்னதும் அவர் ரோட்டோரம் போய் நின்று தோப்புக்காரரிடம் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, செவ்வாய் வரை பொறுத்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார் என்றார். கிழக்கு மூலையில் சுக்காம்பாறை இருக்கிறதாம், அதை மட்டும் வேறு வண்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த மூலை தோப்பில் கால்வாசி.

செவ்வாய் காலையில் செயினை ஏற்ற வந்தார். புதுப் பின்களின் முனை மொழுமொழுவென்று இருந்தது. பார்க்கிறவர்கள் கை வைக்காத செயின் என்றுதான் நினைப்பார்கள். வெட்டுப் போடட்டுமா என்று கேட்கத் தயங்கி, உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"முன்ன ரெண்டு போட்டீங்க, இப்ப மூணாப் போடுங்க," என்றார். "நாளைக்கு நான் வித்தாலும் வாங்கறவன் பாத்துக்கட்டும்."

எல்லாப் பின்னிலும் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது.