முதலில் மூச்சு, பிறகு போர்வை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அப்பாவுக்கு நிமோனியா முற்றி, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு, இயந்திரம் வழியாக மூச்சு கொடுத்தார்கள். நானும் அம்மாவும் வெளி வராந்தாவில் பாய் விரித்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இரண்டு நாளாகக் காப்பியைத் தவிர எதையும் தொடவில்லை. இவரையும் உள்ளே படுக்க வைக்கும்படி ஆகிவிடுமோ என்பது என் பயம்.

அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். செய்தி வராத இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தால் எல்லோரும் எழுந்தார்கள். நர்ஸ் வேகமாக நடந்தால் ஒரு அர்த்தம், மெதுவாக நடந்தால் வேறொன்று. மருந்துச் சீட்டு வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சீட்டு வராவிட்டால் எல்லோரும் மறுபடி கதவையே பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம் வாட்ச்மேன் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏழாம் பெட்டு யாருபா? போர்வை ஒண்ணு எட்தாங்க!"

ஏழாம் படுக்கை, சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவருடையது. அவர் மனைவி எங்களுக்குப் பக்கத்துப் பாய். அந்த அம்மாவின் மாமனார் இறந்தபோதும், உடலை மூட, மருத்துவமனையில் இப்படித்தான் துணி கேட்டார்களாம். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யாரோ டெலிபோன் பூத்துக்கு ஓடி ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் நர்ஸ் வெளியே வந்தார். "அக்கா, நல்லா இருக்காரு. ஏசி குளுருதுன்னுதான் போர்வை கேட்டாரு. வந்து நீங்களே பாருங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

மீனவர் குப்பத்தில் சாவு விழுந்தால் படகு இறக்க மாட்டார்கள். அன்று மாலை கடலுக்குப் போகவிருந்த படகுகள் அதற்குள் நின்றுவிட்டன. ஒன்றரை மணி நேரத்தில் அந்த அம்மாவின் கொழுந்தன் மாலையோடு வந்து இறங்கினார்.

"இப்ப இன்னா அண்ணி பண்றது இத்த?"

"ஒன் கழுத்துலயே போட்டுகினு போ நைனா. பொணமா கீதான்னு பாக்காம பூ வாங்கினு வந்துட்டான்!"

அந்த நர்ஸ் யாரையும் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, ஏன் அப்படி நினைத்தார் என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அதன் பிறகு அவர் பணியில் இருந்த நேரமெல்லாம் வாட்ச்மேன் கத்தவில்லை. நர்ஸே வெளியே வந்தார். முதலில் மூச்சு எப்படி இருக்கிறது என்று சொல்வார். அதற்கப்புறம்தான் போர்வையோ சீட்டோ. எங்கள் அலுவலகத்தில் செய்தியின் முதல் வரிக்காக நாங்கள் போடும் சண்டையும், எது முதலில் வர வேண்டும் என்ற இதே விஷயத்துக்குத்தான்.

மூன்றாம் நாள் காலை எங்களிடம் வந்தார்.

"அம்மா, நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் மோசம். ஆக்சிஜன் கூட்டி வச்சிருக்கோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வந்து சொல்றேன். நடுவுல எது மாறினாலும் உடனே வருவேன். நான் வரலைன்னா மாறலைன்னு அர்த்தம்."

அம்மா மயங்கி விழுவார் என்று தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "இட்லி இருக்கா?" என்றார். மூன்று சாப்பிட்டார்.

"கெட்ட சேதி கேட்டப்புறம்தான் பசிக்கிது பாரு ஒங்கம்மாவுக்கு" என்றார் பக்கத்துப் பாயில் இருந்த மீனவரின் மனைவி.

எனக்கும் அது புரியவில்லை. அம்மாவிடமே கேட்டேன்.

"இனிமே அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்க வேணாம்ல" என்றார். சுவரில் சாய்ந்து தூங்கியும் போனார். ஆறு மணிக்கு நர்ஸ் வந்தார். மாற்றம் இல்லை என்றார். அடுத்த நாளும் அப்படியே சொன்னார்.

ஐந்தாம் நாள் நண்பகலில், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால், கதவு திறந்தது. நர்ஸ் எங்களை நோக்கித்தான் வந்தார். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"மூச்சு நல்லா இருக்கு" என்றார் நர்ஸ், நடந்தபடியே. "குழாய எடுத்தாச்சு. கண்ணாடி கேக்கறாரு."

சேர்த்த நாளிலிருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்ததும் அம்மா பிடுங்கிக்கொண்டார்.

"இத ஏண்டா முன்னாடியே குடுக்கல?" என்று, அத்தனை பேர் முன்னிலையில், என்னைத் திட்ட ஆரம்பித்தார்.