கவிழ்த்து வைத்த கிளாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரில் என் வீட்டு மேஜை மேல் ஸ்பெயின் தேசத்தையே பரப்பி வைத்தேன்.

சிரிக்காதீர்கள். பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று – அதுதான் ஸ்பெயின். வடக்கே ஒரு துண்டு கேக். கிழக்கே, கடலோரமாக, ஒரு சீப்பு வாழைப்பழம். நட்ட நடுவில் உளுந்து வடை. தெற்குக் கோடியில் அச்சு முறுக்கும் லட்டும் பக்கத்தில் பக்கத்தில். சுற்றிலும் பாட்டில்கள், ஊருக்கு ஒன்றாக.

எதற்கு இந்தக் கூத்து? என் மகள் பிலோமினாவைப் பெண் பார்க்க அடையாற்றிலிருந்து வந்திருந்தார்கள். பையன், பையனுடைய அம்மா, அப்பா. மாதா கோயில் பாட்டுக் கூட்டத்தில் பிலோவைப் பார்த்துவிட்டு, பையனே ஆசைப்பட்டுக் கேட்ட இடம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நானோ மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். படித்தவர்கள் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு வீம்பு வந்துவிடும். உனக்கு இலக்கணம் தெரியுமா? இருக்கட்டும். எனக்கு ஸ்பெயின் தெரியும்!

தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. துறைமுகத்தில் பீப்பாய் உருட்டினவன் நான். கப்பலை விட்டு இறங்கிக் காய்ச்சலில் கிடந்த ஒரு ஸ்பெயின்காரச் சமையல்காரனுக்கு ராயபுரத்தில் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். அவன் கிடங்குச் சுவரில் கரித்துண்டால் தன் தேசத்தைப் படம் போட்டு, எந்த ஊரில் எந்தச் சரக்கு என்று காட்டிக் கொடுத்தான். பாஷை தெரியாது, கைஜாடைதான். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் வைன் கடை போட்டேன், தியாகராய நகரில் மாடி வீடு கட்டினேன். வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் என்னைப் பற்றிக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை.

இந்த வாரம் மட்டும்… சரி, வருகிறேன்.

"பிரான்சு சரக்கு கட்டுப்படியாகவில்லை, கையைக் கடிக்காமல் வேறு என்ன இருக்கிறது?" என்று வாசகர்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில்தான் அந்தத் தாம்பாளம். யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி வர ஆரம்பித்திருக்கின்றன. பிரான்சு பாட்டில் யானை விலை சொல்கிறது. ஸ்பெயின் பாட்டில் அப்படி இல்லை.

நான் வாத்தியாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

"இத பாருங்க சம்பந்தி. இந்த கேக்கு கீதே, இதுதான் ரியோகா" என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் வெத்தலையே மாத்தல, அதுக்குள்ள சம்பந்தியா?" என்றாள் என் மனைவி மதலேன்.

"மாத்தினா போச்சு. நீ சும்மா இரு."

ரியோகா மலைப்பக்கம். நல்ல சிவப்பு வைன். அந்தக் காலத்தில் பிரான்சில் ஒரு பூச்சி வந்து திராட்சைக் கொடியெல்லாம் பட்டுப்போயிற்று. அங்கிருந்த வியாபாரிகள் மலையைத் தாண்டி ரியோகாவுக்கு வந்து, ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறவைக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வித்தை பிரான்சு, விலை ஸ்பெயின். இது லாபமா இல்லையா?

வாழைப்பழம் தாரகோனா. கடலோர ஊர். இனிப்பாக இருக்கும். நம் கோயில் பூசைக்கு வருகிற வைன் பல சமயம் அங்கிருந்துதான். போர்ச்சுகல் தேசத்து இனிப்புச் சரக்கான போர்ட் வாங்க வசதியில்லாதவனுக்கு அதுவே போர்ட்.

நடுவில் இருக்கிற வடை லாமாஞ்சா. காய்ந்த பொட்டல். தண்ணீர்ப் பஞ்சம், திராட்சைக்குப் பஞ்சமில்லை. ஆளைவிட உயரமான மண் பானைகளில் வைனை வைத்திருப்பார்கள், ஏணி போட்டு ஏறித்தான் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். தினப்படி சாப்பாட்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

லட்டு மாலகா. திராட்சையை வெயிலில் பாய் மேல் காயப்போட்டு, கிஸ்மிஸ் பழம் மாதிரி சுருங்கின பிறகு பிழிவார்கள். கறுப்பாக, பாகு மாதிரி இருக்கும்.

கடைசியில் அச்சு முறுக்கு – ஜெரெஸ். வெள்ளைச் சுண்ணாம்பு மண். வெள்ளைக்காரன் ஷெர்ரி, ஷெர்ரி என்று உயிரை விடுகிறானே, அது பிறந்த ஊர். நான் வைத்திருந்தது இனிப்பே இல்லாத ஜாதி. நாக்கில் பட்டால் கத்தி மாதிரி இருக்கும்.

பையன் மாலகாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றான். அவன் அம்மா தலையை மட்டும் அசைத்தார். வாத்தியார் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாந்தோம் பக்கத்தில் எங்களைப் போன்ற சில பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம். வெற்றிலை மாற்றும் முன்னால் இரண்டு தகப்பன்மாரும் எழுந்து நின்று, ஆளுக்கொரு கிளாஸ் வைனைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துக் கீழே வைக்க வேண்டும். மிச்சம் வைத்தால், "இந்தச் சம்பந்தத்தில் எனக்கு மனசில்லை" என்று அர்த்தம். வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

சம்பந்தம் பேசின கோயில் உபதேசியார் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். "வாத்தியார் தொடமாட்டார் முதலாளி. அந்த வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

விட்டேனா? படித்தவன் பவிசு காட்டுகிறான் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. மேஜையில் உட்கார்ந்ததுமே, வாத்தியார் எதிரில் இருந்த கிளாஸை அவர் மனைவி மெள்ளக் கவிழ்த்து வைத்தார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜெரெஸ் கதை முடிந்ததும் எழுந்தேன். கவிழ்த்த கிளாஸை நானே நிமிர்த்தினேன்.

"இன்னா சம்பந்தி, என் வூட்டு கிளாஸை கவுத்து வெச்சா நான் அத என்னான்னு எடுத்துக்கறது?"

"எனக்கு வேண்டாங்க. பழக்கமில்லை."

"பழக்கம் இல்லாதவங்களுக்குத்தான் இது. கொழந்த கூட குடிக்கும்."

பொய். அங்கே இருந்ததிலேயே காரமான சரக்கு அதுதான். அவருக்கும் எனக்கும் ஜெரெஸை விளிம்பு வரை ஊற்றினேன்.

"அப்பாவுக்கு வேண்டாங்க" என்றான் பையன்.

"இன்னா மாப்ள, உங்கப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டம் இல்லியா? இல்லேன்னா இப்பவே சொல்லிடச் சொல்லு. கேக்கையாவது துன்னுட்டுப் போங்க!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் மகனைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த பிலோவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கையை வெளியே எடுத்து, கிளாஸைப் பிடித்தார்.

அந்தக் கையைப் பார்த்தேன்.

வாசகர்களே, நான் எந்தத் தொழில் செய்கிறவன்? கடைக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறவர்களின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கிளாஸுக்குள் ஷெர்ரி நடுங்குகிறது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர் குடிக்காதவர் இல்லை… குடித்துக் குடித்து, எப்படியோ விட்டவர். ஒரு வாய் போனால் போதும். குடிக்காவிட்டால் மகன் கல்யாணம் போகும்.

புரிந்தது. புரிந்த பிறகும், "ம்… எடுங்க" என்றேன்.

கிளாஸை வாய்வரை கொண்டுபோய்விட்டார்.

எப்படி வந்தாள், எப்போது வந்தாள், தெரியாது. பிலோ அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். பிடுங்கவில்லை – தண்ணீர் டம்ளரை வாங்குகிற மாதிரி, "கொடுங்க மாமா" என்று வாங்கினாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, நின்ற வாக்கில் மடமடவென்று குடித்தாள்.

"பிலோ!" என்று கத்தினேன்.

அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர். மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமல் நின்றதும் கிளாஸைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள்.

"காலி பண்ணணும், அவ்ளோதானே நைனா? பண்ணிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சீ… இதையா கொழந்த குடிக்கும்னே?"

ஒரு பெண், கல்யாணமாகாத பெண், வந்தவர்கள் எதிரில்… போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மதலேன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பையனுடைய அம்மா எழுந்தார். பிலோவின் அருகே போனார். தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு பார்க்கத்தானே வந்தோம்? பார்த்தாச்சு. வெத்தலையை எடுங்க."

வெற்றிலை மாற்றினோம். மாற்றிவிட்டு உட்காரப் போகும்போதுதான் பார்த்தேன் – மேஜை மேல் என்னுடைய கிளாஸ் ததும்ப அப்படியே இருந்தது. எங்கள் வழக்கப்படி, சம்பந்தத்தில் மனசில்லாதவன் நான்தான்! யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. படித்தவர்கள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம் வந்தார். கோபமே இல்லை குரலில். "முன்னே நாங்க சாந்தோம்ல இருந்தோம். பையன் அப்போ கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கிட்டு உங்க மயிலாப்பூர் கடை வாசல்ல நின்னிருக்கேன், இவர் வெளியே வரட்டும்னு. உங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது? உள்ளே கூட்டமா இருக்கும்."

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை. வாசலில் நின்ற பெண்களை நான் என்றைக்கு நிமிர்ந்து பார்த்தேன்?

"இது என் வீடுன்னு தெரிஞ்சுமா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பையன் ஆசைப்பட்டான். பொண்ணு என்ன பண்ணும்?" என்றார்.

வாத்தியார் கடைசியாக வந்தார். அவர் காலைத் தொட்டுவிடலாமா என்றிருந்தது எனக்கு. வயதில் சின்னவர். அதற்குள் அவரே பேசினார்.

"முதலாளி, உங்க மேல வருத்தமில்லை. ஒண்ணு மட்டும் சொல்லணும். நீங்க ஊத்தினப்போ நான் மகனுக்காகத்தான் எழுந்தேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லை. அந்த வாசனை வந்ததும் எனக்கே வேணும்போல இருந்தது. 'வேண்டாம்'னு நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு இல்லை, எனக்கு."

வண்டி ஏறிப் போய்விட்டார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"மலைக்கு அந்தாண்ட எவன் பீப்பாய் செய்றான்னு தெரியுது. எதுக்க உக்காந்த மனுசன் மூஞ்சி தெரியல" என்றாள் மதலேன், தாம்பாளத்தை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டே. தெரிந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு உறுத்துமா?

இதை எழுதலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். "பேரை விட்டுடுங்க, மத்ததை எழுதுங்க" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தனை காலமும் நான் மார்தட்டிக்கொண்டது ஒரே விஷயத்துக்காக. "யாரையும் நான் குடிக்கச் சொன்னதில்லை. வேணும்னு கேட்டு வந்தவனுக்குத்தான் கொடுத்தேன்." நியாயமாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வரை. இப்போது யோசிக்கிறேன்… வேணும் என்று கேட்டவர்களில், வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துத் தோற்று வந்தவர்கள் எத்தனை பேரோ. அது கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் காதில் விழாது.

திங்கட்கிழமை கடை திறந்தேன். தேனாம்பேட்டையிலிருந்து வருகிற பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். "மொதலாளி, மலிவா இன்னா கீது?"

எப்போதும் என்றால் லாமாஞ்சாவில் ஆரம்பித்து ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அன்றைக்கு அவர் கையைப் பார்த்தேன். என்னை அறியாமல், "நெசமாவே வேணுமா நைனா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வியாபாரி கேட்கக்கூடாத கேள்வி!

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மொதலாளி, சேலத்துக்கு வந்த மதுவிலக்கு சட்டம் நம்ம ஊருக்கும் வந்துட்சா?"

"இல்ல நைனா, சட்டம் இன்னும் வரல" என்று பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்துவிட்டது.