ஞாயிறு மதியம் வரை சனிக்கிழமை

“ஆவணி, இரண்டாம் ஞாயிறு. நம் நேரம் மதியம் 12.21, நகர நேரம் சனி இரவு 11.51. பத்தொன்பதாவது குடி பதிந்தது. மலையில், தண்ணீர்த் தொட்டி நிழலில் எழுதியது.”

என் நான்காவது குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. முழங்காலின் மேல் வைத்து எழுதியதால் கையெழுத்து கோணல்.

நகரம் என்று குறித்திருப்பது மண்ணில் உள்ள ஊரை அல்ல. என் மனைவி கைபேசியில் விளையாடும் இணைய விளையாட்டு ஒன்றில், ஆட்டக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட ஊர். அதற்கு அவள்தான் மேயர். கச்சிராயபாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவள், துணி வராத நேரங்களிலும் மின்சாரம் போன நேரங்களிலும் இரண்டு வருடமாக அந்த ஊரைக் கட்டினாள். கோமுகி என்று பெயர் வைத்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோமுகி அணையைப் பார்த்துப் பார்த்து அதே வளைவில் ஓர் ஏரி வெட்டினாள். கரை முழுக்கப் புளியமரம்.

நான் விளையாடுவதில்லை. எனக்கு எடைமேடையில் வேலை. கரும்பும் மரவள்ளியும் ஏற்றிய லாரி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று நாள் முழுக்க எழுதுபவன். வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் படிப்பேன். அவள் ஊருக்கும் ஒரு வரலாறு இருக்கட்டுமே என்று குறிப்பெழுதத் தொடங்கினேன். எந்தக் குடி எப்போது வந்தது, எந்த மரம் எப்போது நட்டது, எல்லாம் இரண்டு பத்திகளில். ஒன்று நம் நேரம். மற்றது விளையாட்டின் நேரம். அதை நடத்துகிற கணினிக்கு அமெரிக்க மேற்குக் கரையின் கணக்கு. அங்கே நாள் மாறும்போது நமக்கு மதியம் பன்னிரண்டரை. குளிர்காலத்தில் ஒன்றரை.

“இத்தப் போயி யாரு படிக்கப் போறாங்க?” என்று கேட்பாள். நான் அடுத்த வரியை எழுதுவேன்.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏரிக்கரை எங்கும் கூடாரங்கள். எண்ணினேன், முப்பத்துநான்கு.

புதன்கிழமை மேயர் தேர்தல். விதி எளிமையானது. ஊர் எல்லைக்குள் ஒரு வீடு போட்டு, அதை நிரந்தர இருப்பிடம் என்று அறிவித்தவருக்கு ஓட்டு உண்டு. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கூடாரமும் வீடுதான். தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமையோடு வாக்காளர் பட்டியல் மூடப்படும். விளையாட்டிலேயே வேறோர் ஊர்க் கூட்டத்துக்கு எங்கள் ஏரியை ஒட்டிய இரும்புச் சுரங்கத்தின் மேல் வெகுநாளாகக் கண். சனிக்கிழமை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மொத்தமாகக் குடியேறிவிட்டார்கள். கூடவே ஒரு செய்தி: “மேயரம்மா, லிஸ்ட் மூடியாச்சு. பொட்டிய கட்டு. ஏரிய தூத்துட்டு குடோன் கட்டப் போறோம்.”

சும்மா மிரட்டல் இல்லை. ஜெயிக்கிற மேயர் ஒரு பொத்தானில் ஏரியை மூடலாம், ஊர்ப் பெயரை மாற்றலாம்.

“நம்ம ஆளுங்க இருபத்தொண்ணு. அவனுங்க முப்பத்திநாலு,” என்றாள். “அவ்ளோதாங்க. முடிஞ்சிச்சி.”

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். “முடியல. அவனுங்க நம்ம கடியாரத்தப் பாத்து வந்துகிறானுங்க. அங்க இன்னும் சனிக்கிழமதான். மதியம் பன்னெண்டரை வரைக்கும் சனிக்கிழம.”

“நெசமாவா?”

“ரெண்டு வருஷமா எழுதிக்கினு வரேன். ஒரு நாளு தப்புனதில்ல.”

“பதினாலு பேராவது வேணுமே. ஒரு போனுக்கு ஒரு ஆளுதான் சேர வுடுவான். ஞாயித்துக்கெழம யாரப் போயி புடிக்கிறது?” என்று கேட்டவள், கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டாள். அன்று கல்வராயன் மலையில் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் போனும் கையுமாக அங்கேதான் இருக்கும்.

ஏழு மணிக்கு வண்டியை எடுத்தோம். அந்த மலையூரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும்தான் சிக்னல் நிலைக்கும். காது குத்தி முடிந்ததும் ஆட்களை ஒவ்வொருவராக அங்கே இழுத்துவந்தாள். கூடாரம் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் விளையாட்டுக்குள் மூன்று கோழி பிடிக்க வேண்டும்.

மச்சான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். “இங்க கோழி கொதிச்சிக்கினு கீது. நீங்க அங்க போயி கோழி புடிக்கிறீங்களா?”

“உனக்கும் மூணு இருக்குதுண்ணா. போனக் குடு.”

பதினொன்று பத்துக்குப் பலரும் கூடாரம் போட்டுவிட்டார்கள். அடுத்து வந்த திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் கொழுந்தியா அதை உரக்கத் தமிழில் சொன்னாள்: “இத நிரந்தர இருப்பிடமா அறிவிக்கிறேன். முந்தைய இருப்பிடம் ரத்தாகும்.”

எல்லோர் விரலும் நின்றுவிட்டது.

“ரத்தாவுமா?” என்றார் மனைவியின் பெரியப்பா. “பட்டாவுக்கு எத்தினி வருஷம் நடந்தன் தெரியுமா? பேரப் பசங்க சாதிச் சான்றுக்கு இருப்பிடம் கேக்குறான். நான் அமுக்கமாட்டம்மா.”

கைபேசிகள் சட்டைப் பைக்குள் போயின. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையில் இருப்பிடம் என்பது வருடக்கணக்கில் அலைந்து வாங்கும் காகிதம். ரத்தாவது விளையாட்டுக்குள் இருக்கும் பழைய வீடுதான் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அரசு வேறு, நிறுவனம் வேறு என்று சட்டம்கூடப் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

அவள் கைப்பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தாள்.

“பெரிப்பா, ரெண்டு வருஷமா நான் அங்கதான் நிரந்தரம். மேயரே நான்தான். போன வாரம் இங்க ரேஷன்ல அரிசி வாங்கினன். கார்டு பாரு. எம் பேரு இருக்குதா இல்லியா?”

பெரியப்பா கார்டை முன்னும் பின்னும் திருப்பினார். “புழுங்கரிசி குடுத்தானா?”

“குடுத்தான்.”

“அப்ப சரி,” என்று அமுக்கினார்.

அதன்பின் தடையே இல்லை. பதிந்த கையோடு ஓட்டும் போட்டுவிடலாம் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தார்கள். மச்சான் மட்டும் கடைசிக் கோழியைத் துரத்திக்கொண்டே இருந்தார். “ஓடுது பாரு, ஓடுது பாரு!” என்று தொட்டியைச் சுற்றி வந்தார். அவர்தான் பத்தொன்பதாவது. பன்னிரண்டரைக்குப் பட்டியல் மூடியது. நாங்கள் நாற்பது, அவர்கள் முப்பத்துநான்கு.

அடுத்த நிமிடம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி: “எப்டி?”

அவள் பதில் போட்டாள்: “இப்பதாம்பா சனிக்கிழம முடிஞ்சிச்சி.”

அவர்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. காதுகுத்துக்கு வந்த சனத்தை ஒரு மணி நேரத்தில் குடிமக்கள் ஆக்கியது நேர்மையா என்று கேட்டால், விதி அனுமதித்தது என்பதே என் பதில். ஒன்று மட்டும் சொல்வேன். எங்கள் பத்தொன்பது பேரும் அன்று ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பெரியப்பா இன்னமும் விளையாடுகிறார். கூடாரத்தைப் பிரித்துவிட்டு ஏரிக்கரையில் ஓடு வேய்ந்த வீடு கட்டிவிட்டார். “ஓட்டுக்கு வந்த வூடு, ஓட்டு வூடாவே ஆயிடுச்சி” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நகர நேரப்படி புதன்கிழமை முடிந்தபோது, நமக்கு வியாழன் மதியம், முடிவு வந்தது. நான் எடைமேடையில் இருந்தேன். போனில் முதலில் கேட்டது தையல் மிஷின் சத்தம்தான். துணியே வைக்காமல் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள். கடையில் இருந்த பெண்கள் கைதட்டுவது அதற்கு மேல் கேட்டது. “ஏரி நம்மளுதுங்க!” என்று கத்தினாள். மேடைமேல் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நேரம் குறிக்க நான் மறந்தது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

முடிவு: நாற்பத்தொன்றுக்கு முப்பத்துமூன்று.

எங்கள் குடிகள் நாற்பதுதான். பட்டியலை மூன்று முறை சரிபார்த்தேன். அப்படியென்றால் அந்த முப்பத்துநான்கு கூடாரங்களில் ஒன்று அவளுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது. விரல் தவறியிருக்கும் என்கிறார் மச்சான். ஏரியைப் பார்த்துவிட்டு எவனோ மனசு மாறியிருப்பான் என்கிறாள் அவள். வாக்கு ரகசியம் என்பதால் விளையாட்டு சொல்லாது. அவர்கள் வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான்காவது குறிப்பேட்டில் அந்த வரி இப்படித்தான் இருக்கிறது: “நாற்பத்தொன்றாவது ஓட்டு யாருடையது என்பது உறுதி செய்யப்படவில்லை.”