ராமாயி அம்மாவின் வெறுந்தட்டு

1

முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பாக இருப்பவன் பயப்படவேண்டிய பொருள் ஒன்றுண்டு: எடை பார்க்கும் தராசு. கிளிநொச்சியில் உள்ள எங்கள் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை வரும் டொக்டர், ராமாயி அம்மாவை அதில் ஏற்றி இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூண்டாவது மாசமும் இறங்கியிருக்கு. அடுத்த முறையும் இப்பிடியெண்டா ஆஸ்பத்திரி வாட்டிலை போட்டு மூக்காலை ரியூப் விடத்தான் வேணும்."

"அவா பிடுங்கிப் போடுவா, டொக்டர்."

"ஓம். அதாலை கையைக் கட்டவேண்டி வரும்."

ராமாயி அம்மா மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர். மறதி நோய் அவரிடமிருந்து பெயர்களையும் கிழமைகளையும் எடுத்துவிட்டது. நாள் முழுக்க முந்தானையை மடித்து விரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கைகளைக் கட்டிலோடு கட்டுவதை நினைக்க எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

அவர் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், மூன்று நேரமும் ஒரே பதில்தான்.

"தட்டுல ஒண்ணும் இல்லியே சாமி. எல்லாருக்கும் போட்டாச்சு, எனக்கு மட்டும் வெறுந்தட்டு."

முன்னால் சோறு குவிந்திருக்கும். கை மடியிலேயே இருக்கும். பராமரிப்பாளர் சுபாசினி ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டு, "வெறுங் கரண்டிய ஏம்மா நீட்டுற?" என்பார்.

நான் நிறைய வாசிக்கிறவன். அதனால் எளிய காரணங்கள் என் கண்ணில் படுவதில்லை. அவருடைய பைலில் இப்படி எழுதினேன்: 'பழைய பட்டினியின் நினைவு திரும்பியிருக்கிறது. வெறுந்தட்டு அதன் குறியீடு.' எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

2

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் திவசத்துக்கு முதியோர் இல்லங்களில் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கிழமை உடையார்கட்டிலிருந்து ஒரு குடும்பம் தகப்பனின் திவசத்துக்காக வந்தது. சமையலோடு வாழையிலையும் கொண்டுவந்து தாங்களே பரிமாறினார்கள். ராமாயி அம்மா இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

எல்லோருக்கும் சந்தோசம், எங்கள் சமையற்காரி பூமணியக்காவைத் தவிர.

"அப்ப என்ரை கறி வாயிலை வைக்கேலாது. அதுதானே கதை?"

"அப்பிடி ஆர் அக்கா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா எல்லாரும் குசினிப் பக்கம் ஒரு மாதிரிப் பாக்கினம்."

சுபாசினிதான் வழி சொன்னார். "சேர், நாளைக்கு அக்கான்ரை சமையலையே இலையிலை போட்டுப் பாப்பமே?"

போட்டோம். சாப்பிட்டார். பூமணியக்காவின் மானம் தப்பியது. பின்னேரம் வழமையான கோப்பை வந்தது. சாப்பிடும் தட்டை நாங்கள் கோப்பை என்போம். "வெறுந்தட்டு" என்றார் ராமாயி அம்மா.

எனக்கு உடனே ஞானம் பிறந்தது. "சுபாசினி, வாழையிலை எண்டுறது வெறும் இலையில்லை. அது ஒரு பண்பாட்டு நினைவு. கலியாணம், கோயில், பொங்கல் எண்டு..."

"கொஞ்சம் பொறுங்கோ சேர்."

மறுநாள் தன் வீட்டிலிருந்து கடும் நீல பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அதில் சோறு போட்டார். ராமாயி அம்மா குனிந்து பார்த்தார். முந்தானையை விட்டுவிட்டு நேரே சோற்றுக்குள் கையை வைத்தார்.

"இது சந்தையிலை வாங்கினது, சேர். இதிலை என்ன பண்பாடு?"

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். பல்லில்லாதவர்களுக்கென்று குழைய வடித்த வெள்ளைச் சோறு. உறைப்பில்லாத உருளைக்கிழங்கு வெள்ளைக்கறி. மேலே தேங்காய்ப்பால் சொதி. வெள்ளைக் கோப்பை, வெள்ளைக் கரண்டி, வெள்ளை மேசைவிரிப்பு. இல்லத்தில் முன்பு கண்டபடி பலநிறக் கோப்பைகள் இருந்தன. ஹோட்டல் மாதிரி இருக்கவேண்டுமென்று அவற்றை அகற்றி, கடையில் நின்று தெரிவுசெய்து வெள்ளை வாங்கியவன் நான்தான்.

3

டொக்டரை உடனே கூப்பிட்டோம். டோர்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது; வெள்ளைக்குள் வெள்ளை தெரிய வழியில்லை.

"கண் கிளினிக்குக்கு ஏன் முதலே அனுப்பேல்லை?"

"மறதியிலை சொல்லுறா எண்டு நினைச்சிட்டம், டொக்டர்."

"அவாக்கு மறதி. எங்களுக்கென்ன? நானும் தராசைத்தான் பாத்தனான்."

கிளினிக்குக்கு நாள் எடுத்தோம். அதோடு விடாமல் எல்லோரையும் திரும்பப் பார்த்தோம். 'பழக விரும்பாதவர்' என்று நான் எழுதி வைத்திருந்த ஹனீபா நானாவின் காதுகளிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்த அழுக்கைப் பார்த்தபோது, அவர் எங்களோடு இவ்வளவு பழகியதே பெரிது என்று தோன்றியது. திரும்பி வந்ததும் அவருடைய முதல் முறைப்பாடு என்மேல்தான். "ஏன் சேர் இப்படிக் கத்துறீங்க?"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். ஒருவர் சொல்வது பொருந்தாமல் பட்டால், முதலில் அவருடைய கதிரையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணைப் பாருங்கள், காதைப் பாருங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே பைலில் எழுதுங்கள். நோயின் பெயரைக் கடைசியில் எழுதலாம். உங்கள் சொந்தக் கருத்து அழகாக இருந்தால் கட்டாயம் அடித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் தராசு கொஞ்சம் ஏறியிருந்தது. டொக்டர் ரியூப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று மதியம் ராமாயி அம்மா சாப்பிட்டு முடித்து, கை கழுவுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தன நாளா எனக்கு மட்டும் ஏன் சாமி சோறு போடல?"

"எங்கடை பிழைதான் அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி, போவுது விடுங்க" என்றார்.

மறுநாள் அதை மறந்துவிட்டு மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அது எனக்கு ஒவ்வொரு நாளும் மதியத்து வேலை.