வீட்டுக்குள் தமிழ் மட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் பார்க்டேலில் ஒரு யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் ஓர் உக்ரேனியர். நாடு தனியானபின் கீவிலிருந்து வந்தவர். தாய்மொழி எதுவென்று யார் கேட்டாலும், "உக்ரேனிய மொழி" என்று நெஞ்சை நிமிர்த்துவார். மத்தியானத்தில் தொலைபேசியில் மனைவியோடு பேசுவதோ ரஷ்ய மொழி.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெட்கமாக இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"காதல் சொன்னதே ரஷ்ய மொழியில்தான். இப்போது உக்ரேனிய மொழியில் சண்டை பிடித்தால், யாரப்பா நீ என்பாள்," என்று சிரித்தார். "உன் வீட்டில் எப்படி?"

"தமிழ் மட்டும். மகள் ஆங்கிலத்தில் பேசினால் பதில் சொல்ல மாட்டேன்."

அவர் தேநீரைக் குடித்தார்.

சொன்னபடியே நடந்தேன். மகள் ஆங்கிலத்தில் தொடங்கினால் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

"பிள்ளை ஏதோ சொல்ல வருது, கேளுங்கோவன்," என்பாள் மனைவி.

"தமிழிலை சொல்லட்டும், கேக்கிறன்."

"உதைத்தானே ஊரிலை சிங்களம் மட்டும் எண்டு அவங்களும் எங்களுக்குச் செய்தவங்கள்."

அதற்கும் பக்கத்தைத் திருப்பினேன். நாளாக நாளாக மகளிடம் ஆங்கிலம் குறைந்தது. நாட்குறிப்பில் திருப்தியோடு எழுதினேன்: "இன்று வீட்டில் ஆங்கிலம் இல்லை."

மே மாதத்தில் ஒருநாள் உக்ரேனியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள்! உன் மகள் ஹாலிஃபாக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாளாமே! என் மகளும் அதே வகுப்புத்தானே, அவள் சொன்னாள்."

தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் அப்பா. ரெண்டு தரம். நீங்கள் பேப்பரைத் திருப்பினனீங்கள்."

"தமிழிலை சொல்லியிருக்கலாமே?"

"ஸ்கொலஷிப், ரெசிடென்ஸ், எனக்குப் பயமாயிருக்கு எண்டது, எல்லாத்தையும் எனக்குத் தமிழிலை சொல்லத் தெரியாது அப்பா. அம்மா கேட்டவ. அம்மாதான் சைன் வைச்சவ."

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதத்தில் இரண்டு இடத்தில், என் ஒழுங்கான கையெழுத்தில், ஒரே வரி: "மகள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பதில் சொல்லவில்லை."

செப்டெம்பரில் போய்விட்டாள். ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுவாள். பிறகு என்னிடம் தருவாள். மகள் பேசுவதை அன்றன்றே எழுதி வைக்கிறேன். "ஓம் அப்பா. சுகம் அப்பா. வைக்கிறன் அப்பா."

எல்லாம் தமிழ்.