நான்காவது லாடம்

குதிரை ஒன்றை வாழ்நாளில் தொட்டும் பார்க்காத நான், ஒரு குதிரைப்படை அதிகாரியின் வாழ்க்கையை நான்கு வாரம் தொடராக எழுதியிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவர் எந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தாரோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல ஆசைதான். தெரிந்தேதான் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில், எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. எண்பது கடந்த ஸ்பானியர், தனி ஆள். சனிக்கிழமைக் காலைகளில் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் துவைக்கும் லோன்றி அறையில் சந்திப்போம். நான் உடுப்புகளை உருட்டிக் கூடைக்குள் திணிப்பேன். அவர் ஒவ்வொரு சட்டையையும் மேசையில் விரித்து, மடித்து, உள்ளங்கையால் நீவிவிடுவார். இருவருடைய ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டியது. அதனால் சேர்ந்து நடப்பதில் சிரமம் இருக்கவில்லை.

அப்போது நான் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுபவன். ஓய்வு நேரத்தில் எழுத்தாளன். தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதினேன். கத்தரிக்காய் வாங்க வருபவர்கள், மீன் சுற்ற உதவும் என்று என்னையும் எடுத்துப்போவார்கள். நான் எழுத்தாளன் என்று கிழவரிடம் சொன்னபோது அந்த மீனை விட்டுவிட்டேன்.

"உன் மொழியை ஸ்பெயினில் யாராவது வாசிப்பார்களா?" என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை."

"அப்படியென்றால் என்னைப் பற்றி எழுது."

பல சனிக்கிழமைகள் சொன்னார். அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய தளபதிகளின் பக்கம் நின்ற இளம் லெப்டினன்ட் அவர். வெடிச்சத்தத்துக்குப் பயந்த குதிரையின் காதில் பஞ்சு அடைத்ததையும், தீனி இல்லாத குளிர்காலத்தில் அது அவருடைய தொப்பியைத் தின்றதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிறகு ஒருநாள் சிரிக்காமல் ஒன்று சொன்னார். அவர்கள் பிடித்த கிராமம் ஒன்றில், சுடுவதற்கு ஒப்படைக்க வேண்டியவர்களின் பட்டியல் வந்தது. அவர் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தார். லாடம் அடிப்பவனின் பெயரும் அதில் இருந்தது. அந்த நேரம் அவன் அவருடைய குதிரைக்குத்தான் லாடம் அடித்துக்கொண்டிருந்தான். மூன்று கால் முடிந்திருந்தது. நான்காவது முடியும்வரை அவர் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார்.

"குளம்பைத் துடைத்துவிட்டு, 'இனி நல்லாக நடக்கும் ஐயா' என்றான்," என்றார். "அவனுக்கு ஒரு மகள். இதை என் மொழியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் நடந்தது நடந்தபடி எழுதி இருந்தால் போதும்."

பத்திரிகை ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் ஊரிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; எங்கள் ஆட்கள் எவரைப் பற்றியும் முதலில் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"ஆள் எந்தப் பக்கம், அண்ணை?"

பக்கத்தைச் சொன்னேன். பட்டியலையும் சொன்னேன். பேனாவை மூடினார்.

"பட்டியல் எண்டால் எங்கட சனம் ஸ்பெயினையே நினைக்கும்? உது ஆரைச் சொல்லுது எண்டு ஆளாளுக்கு ஒராளைக் கை காட்டுவினம். கடைக்காரர் பேப்பரைத் தூக்கி வெளியிலை போடுவினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஆளை மற்றப் பக்கம் விடுங்கோ. தோத்த பக்கம் எண்டால் சனத்துக்குப் பிடிக்கும்."

வீட்டில் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "ஊரிலை என்ர தம்பி இருக்கிறான். உங்களுக்கு உந்தக் குதிரை தேவையே?"

எனக்கும் பயம்தான். ஆனால் பயந்தவன் பேசாமல் இருக்க வேண்டியதுதானே, நான் எழுதினேன். லெப்டினன்ட் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். லாடக்காரனைக் குதிரையில் ஏற்றி ஆற்றைக் கடந்தார். ஆற்றில் வெள்ளம் வேறு விட்டேன். நான்காவது வாரம், கடையில் காசு வாங்கும் பிள்ளை கண்ணைத் துடைத்ததாகக் கேள்விப்பட்டு, அந்தக் கடைக்கே மூன்று தரம் போனேன்.

கிழவர் நான்கு பத்திரிகைகளையும் என்னிடம் வாங்கிப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்தார்.

"லாடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது," என்றேன். லாடங்கள் நான்கும் இருக்கத்தான் செய்தன.

மூன்றாம் மாடியில் ஒரு தமிழ் அன்ரி இருந்தார். தொடரின் நாயகன் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார் என்று அவரிடம் பெருமையடித்திருந்தேன். ஒருநாள் எலிவேற்றரில் கிழவரைக் கண்ட அன்ரி, கையைப் பிடித்து, அந்த ஏழையை வெள்ளத்தில் காப்பாற்றிய நீங்கள் தெய்வம் என்று தன் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை கிழவர் என் கதவைத் தட்டினார்.

"அவனை உயிரோடு விட்டாயா?"

"வாசகர்கள்…" என்று தொடங்கினேன்.

"நான் விடவில்லை," என்றார். பிளாஸ்ரிக் உறையை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவர் லோன்றிக்கு வரவில்லை. நானும் அந்தக் கதவைத் தட்டவில்லை. வெட்கம் என்று அப்போது நினைத்தேன், சோம்பலும் கலந்திருக்கலாம். இரண்டு மாதம் எடுத்து ஐந்தாவது பகுதியை எழுதினேன். அவர் நின்ற பக்கம், பட்டியல், கையெழுத்து, நான்காவது லாடம், எல்லாம் அவர் சொன்னபடி. போடாவிட்டால் இனி எழுத மாட்டேன் என்று ஆசிரியரை மிரட்டினேன். அப்படியே நிறுத்திவிடுவேனோ என்று அவருக்குக் கொஞ்சம் நப்பாசை இருந்ததைக் கவனித்தேன். ஆனாலும் போட்டார். சனம் ஒருவரையும் கை காட்டவில்லை. கடைக்காரர் ஒருவரும் பேப்பரைத் தூக்கி எறியவில்லை.

பத்திரிகையோடு எதிர்க் கதவைத் தட்டினேன். பெயின்ற் உருளையோடு ஒருவர் திறந்தார். வீடு வெறுமையாக இருந்தது. கிழவர் ஆஸ்பத்திரியில் இறந்து மூன்று வாரம் என்றார். எட்டு அடி தூரத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"அண்ணை, அந்தக் குதிரைக்காரரின்ர கதை நீங்கள்தானே எழுதினது? நாலு கிழமையும் உண்மைக் கதையாய் நல்லாப் போச்சு. அஞ்சாவதிலை ஏன் தேவையில்லாமல் கற்பனை பண்ணினனீங்கள்?"